ஆன்டனாவில் கட்டிய ஜரிகை

நான் ஓட்டும் கம்பெனியின் நெடுஞ்சாலை ரோந்து ஜீப்பில், ஆயுத பூஜைக்குப் பிறகு வயர்லெஸ் சரியில்லாமல் இருந்தது. தாமல் ஊரைத் தாண்டினால் என் குரல் கன்ட்ரோல் ரூமுக்குப் போகாது. எனக்கு வருவதும் வெறும் கரகரப்புதான்.

இன்று காலை காஞ்சிபுரத்தில் மெக்கானிக்கிடம் காட்டினேன். ஆன்டனாவின் அடியில் பூஜைக்கு நான் சுற்றிய ஜரிகைதான் அவர் கண்ணில் முதலில் பட்டது.

"அசல் ஜரிகையா? வெள்ளி இருந்தா கரண்டு போவும்பா. ஆன்டனாவ பாடியோட சேத்துடும். அதான் சிக்னல் போவல."

"அசல்தாண்ணே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

என் மனைவியின் முகூர்த்தப் புடவையில் மிஞ்சியது அது. நெய்து கொடுத்த குமரன் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் நண்பன். "உன் கல்யாணத்துக்கே டூப்ளிகேட் போடுவனாடா?" என்று கேட்டவன்.

மெக்கானிக் ஜரிகையின் இரு முனையிலும் மீட்டரை வைத்தார். கரண்டு பாய்ந்தால் வரவேண்டிய சத்தம் வரவில்லை. நகத்தால் சுரண்டி மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினார். பீப் என்றது.

"ஜரிகை மேல தப்பு இல்லப்பா. இது பிளாஸ்டிக்கு."

கோளாறு ஆன்டனா அடியில் பிடித்திருந்த துருவிலும், நான் மாட்டியிருந்த மலிவு செல்போன் சார்ஜரிலும்தான். துருவைச் சுரண்டி, சார்ஜரைப் பிடுங்கிப் போட்டார். இப்போது தாமல் ஏரிக்கரையிலிருந்து பேசினாலும் கணீரென்று கேட்கிறது.

மீட்டரோடு அந்த ஜரிகையைப் படமெடுத்துக் குமரனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.

என் பக்கம் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் பக்கத்தைப் பார்க்க நல்ல மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள்.