வீனஸ் கோயிலின் மூன்று படிகள்

காலை ஏழு நாற்பது. நான் முதலில் கண்டது ஒரு சோடி சப்பாத்து. முன்பக்கம் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து, பத்தாம் அளவு. மூன்று படிகளுக்குக் கீழே அருகருகே வைக்கப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரர் காலுறையோடு மேலே நின்று தூண் ஒன்றின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

எண்பத்தேழாம் ஆண்டு, பெப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை. இடம் மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் ஒரு பிளாஸ்டர் பட்டறை. கலியாண மண்டபங்களுக்குத் தூண்களும் நீரூற்றுகளும் சிறகு முளைத்த குழந்தைகளும் வார்த்துக் கொடுப்போம். அந்தக் குளிர்காலத்தில் மொன்ட்ரியால்-நோரில் திறக்கவிருந்த ஒரு மண்டபத்துக்காக வீனஸ் கோயில் ஒன்று செய்துகொண்டிருந்தோம். ரோமுக்கு அருகே ஒரு பேரரசன் தன் தோட்டமாளிகையில் கட்டிய வட்டக் கோயிலின் சிறு நகல் அது. எட்டுத் தூண்கள், தூண்களின் தலையில் ஒரு வளையம், நடுவில் காதல் தெய்வம். மணமக்கள் உள்ளே நின்று படம் எடுப்பார்கள். மண்டபத்துக்கு ஏற்றுமுன் பட்டறையிலேயே ஒருமுறை பூட்டிப் பார்ப்பது வழக்கம். திங்கட்கிழமை மாலை சிலையை நடுவில் நிறுத்தினோம்.

"என்னண்ணை, சப்பாத்து கீழ கிடக்குது?"

"அம்மன் வந்திட்டா, மனே. இனிச் சப்பாத்தோட ஏறப்படாது."

"அது பிளாஸ்டர். நேற்று நாங்கள்தான் அச்சுக் கழட்டினது."

"எங்கட அம்மனும் கல்லுத்தானே."

"உடுப்பும் அரைகுறை அண்ணை, பாருங்கோ."

"அதுக்கு அவ என்ன செய்வா? வார்த்த நீ ஒரு சீலை சுத்தியிருக்கலாம்." சிரித்தார். "இறங்கினாப் போடுவன். வளையம் தூக்கேக்க கீழதானே நிப்பன், பயப்பிடாத."

அவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஊரவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய ஊர் அம்மன் புருசனுக்காக ஒரு நகரத்தையே எரித்தவள். அந்தக் கோபம் தணிய ஆண்டுதோறும் அவளைக் குளிர்விக்க வேண்டும் என்பார். மனைவியும் எட்டு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அந்த மாதம் வந்த கடிதத்தில், படையினரின் சுற்றிவளைப்பில் மனைவியின் தம்பியைச் சந்தியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்றும், தாயும் மகளும் இரவில் வேறு வீடுகளில் படுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட, வேலை நிரந்தரம் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் தேவைப்பட்டது. கோயில் முடியட்டும், தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஊர்க் கடிதத்தை அண்ணை சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஆறு ஆண்டுகள் செய்தி எழுதியவன். இது தெரிந்திருந்ததால் மண்டப வாசலில் மாட்ட வீனஸ் கோயில்கள் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டிருந்தார். நூலகத்தில் இரண்டு சனிக்கிழமைகள் இருந்தேன். கிடைத்ததை அப்படியே எழுதினேன். ரோமில் ஒரு வீனஸ் கோயில், சோரம் போனதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களிடம் வாங்கிய அபராதத்தில் எழுந்தது. இன்னொன்று, புனிதத் தீயைக் காத்த கன்னிப் பெண்கள் கற்புத் தவறியதாகத் தண்டிக்கப்பட்டபின் எழுந்தது. அந்தக் குற்றத்துக்குத் தண்டனை உயிரோடு புதைப்பது. மற்றொன்றை ரோமரோடு ரோமர் மோதிய சண்டைக்கு முதல் நாள் ஒரு தளபதி நேர்ந்துகொண்டான். எல்லாவற்றிலும் பெரியதில் இரண்டு தெய்வங்கள் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தன. எழுந்தால் தலை கூரையில் இடிக்கும் என்று சொன்ன கட்டடக் கலைஞனைப் பேரரசன் கொல்வித்தான் என்று ஒரு பழைய வரலாறு சொல்கிறது.

முதலாளி வாசித்துவிட்டு நாலாகக் கிழித்தார். "ரத்தம், புதைகுழி, அபராதம். கலியாண வீட்டு வாசலில் இதையா மாட்டுவது?"

"எல்லாம் உண்மை," என்றேன்.

"உண்மையைக் கேட்டேனா? அழகாக எழுது என்றேன்."

அது திங்கட்கிழமை. செவ்வாய் எட்டு மணிக்கு முதலாளியின் மைத்துனர் வந்தார். பட்டறையில் அவர்தான் போர்மன், வேலையை மேற்பார்ப்பவர். படியடியில் சப்பாத்தைக் கண்டார்.

"இது என்ன, மசூதியா?"

அண்ணைக்குப் பிரெஞ்சு குறைவு. சிலையைக் காட்டி, கைகூப்பிக் காட்டினார்.

போர்மன் ஒரு சப்பாத்தை எடுத்து எறிந்தார். அது அண்ணையின் வாயில் பட்டு உதட்டைப் பிளந்தது. அண்ணை காலுறையோடு இறங்கி வருவதற்குள், விழுந்ததையும் மற்றதையும் பொறுக்கி, கழிவுச் சாந்து ஊற்றும் பீப்பாயில் போட்டார். அது காலையில்தான் கரைத்த சாந்து, சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். இரண்டும் அமிழ்ந்தன. "இப்போது உன் தெய்வத்திடம் கேள்," என்றார்.

நான் என் சப்பாத்தைக் கழற்றினேன். "இதைப் போடுங்கோ அண்ணை."

"உனக்கு எட்டு, எனக்குப் பத்து. விடு மனே. கடிதம் வரட்டும், மறுகா பாப்பம்." உதட்டைச் சட்டைக் கையால் ஒற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

பத்து இருபதுக்கு வளையத்தின் மூன்றாவது துண்டைத் தூக்கினோம். உள்ளே இரும்புக் கம்பி வைத்து வார்த்த துண்டு. மூன்று பேர் சேர்ந்தாலும் அசையாது. சங்கிலிக் கப்பியைப் போர்மன் இழுத்தார். கொளுக்கியின் வாயை அடைக்கும் நாக்கு உடைந்து, பதிலுக்குக் கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கம்பியைச் சுற்றியவரும் போர்மன்தான். துண்டு நெஞ்சளவுக்கு வந்தபோது கம்பி அறுந்தது. துண்டைக் கட்டியிருந்த கயிறு கொளுக்கியிலிருந்து வழுகியது.

துண்டு அண்ணையின் இடது பாதத்தின் முன்பாதியில் விழுந்தது. விறகு பிளப்பது போல் ஒரு சத்தம், அதற்குள் ஈரமான இன்னொரு சத்தம். தரையெல்லாம் பிளாஸ்டர்த் தூள். இரத்தம் ஓடாமல் தூளில் ஊறி, களியாகி, விரிந்தது. கடப்பாரை போட்டு நெம்பித் துண்டைப் புரட்டினோம். காலுறை எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அண்ணை காலைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சப்பாத்துப் போடாதவனுக்கு இதுதான்," என்றார் போர்மன்.

என் கையில் மரச் சுத்தியல் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்தில் இரண்டு தடவை அடித்தேன். முன்பல் ஒன்று விழுந்தது. அவர் என்னைத் தள்ள, நான் தூணோடு போய் மோதினேன். தூண் சிலையில் சாய்ந்தது. வீனஸின் வலது கை முழங்கையோடு கழன்று படியில் உருண்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றோம்.

மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

புதன்கிழமை முதலாளி என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று விபத்து அறிக்கை, சாட்சி நான். மற்றது அண்ணையின் வேலைக் கடிதம், தட்டெழுத்து முடிந்து கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"என்ன எழுத வேண்டும்?"

"பார்த்ததை எழுது. அவன் சப்பாத்தைத் தானே கழற்றினான். பார்த்தாயா, இல்லையா?"

"பார்த்தேன்."

"பல்லைப் பற்றி நானும் பொலிசுக்குச் சொல்லவில்லை," என்றார்.

வெளியே வந்து பீப்பாய் நின்ற இடத்தைப் பார்த்தேன். தரையில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். அண்ணையின் கால் கட்டோடு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. உதட்டிலும் தையல்.

"பீப்பாயையும் கொளுக்கியையும் எழுதினா அவங்களுக்குச் சிக்கல் அண்ணை. ஆனா கடிதம் வராது."

"எழுதாட்டி?"

"பிழை உங்கட தலையில விழும்."

"விழட்டும். கால் போயிட்டுது, இனித் தலையில விழுந்தா என்ன? நான் கழட்டினது மெய்தானே. அதை எழுது. பொய் இல்லையே."

"மிச்சம்?"

"மிச்சத்தை மனுசி வந்தாப் பிறகு நான் அவவிட்டச் சொல்லுவன்."

ஐந்து வாக்கியங்கள் எழுதினேன். எந்த நேரம், எந்தத் துண்டு, எந்தக் கால், அப்போது சப்பாத்து இருக்கவில்லை, மதக் காரணத்துக்காகத் தொழிலாளி காலையில் அதைத் தானே கழற்றியிருந்தார். ஒவ்வொன்றும் சரி. பீப்பாயும் கொளுக்கியும் அதில் இல்லை. முதலாளி இரண்டு முறை வாசித்தார். இந்தத் தடவை கிழிக்கவில்லை. கடிதத்தில் என் முன்னாலேயே கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமையோடு நான் வேலையை விட்டேன்.

அண்ணை வசந்தத்தில் பட்டறைக்குத் திரும்பிப் போய், உட்கார்ந்தபடி அச்சுக்கு எண்ணெய் பூசும் வேலை பார்த்தார். வீனஸுக்கு அவரே புதுக் கை வார்த்தாராம். மண்டபம் யூன் மாதம் திறந்தது.

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் மிராபெல் விமான நிலையத்துக்கு அவரோடு போனேன். புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார். இடதுக்குள் முன்பக்கம் துணி அடைத்திருந்தார். பிற்பகல் நாலரைக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் மகள் வந்தாள், அவளுக்குப் பின்னால் மனைவி. மனைவியின் காதில் தோடு இருக்கவில்லை. இரண்டு காது மடல்களும், தோட்டை இழுத்துப் பறித்ததுபோல், துளையிலிருந்து கீழ்வரை பிளந்து, ஆறியிருந்தன.