முப்பத்திரண்டு கம்ப்யூட்டரில் காணாமல் போன சப்மிட் பட்டன்

"மேடம், ஒரே பேஜாராப் போச்சு. எல்லா சிஸ்டத்திலயும் எழுத்து பெருசு பெருசா வருது. கேள்வி தெரியுது, கீழ இருக்கற சப்மிட் பட்டன் தெரியல. ரெண்டு மணிக்கு டெஸ்ட். ஜல்தி வாங்க."

திண்டிவனத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் லேப் பொறுப்பாளர் குமரேசன்தான் போனில். விழுப்புரத்தில் சர்வீஸுக்காகப் பிரித்துப் போட்ட பிரின்டரை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பன்னிரண்டு மணிக்கு லேபில் இருந்தேன்.

மருத்துவமனை உதவியாளர் வேலைக்கான தேர்வு அது. வராந்தாவில் காத்திருந்தவர்களில் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்த கலா என்னை நிறுத்தினாள். "டெஸ்ட்ட தள்ளி வெச்சுடுவாங்களாக்கா? கம்பெனில லீவு கேட்டுக்கினு வந்துருக்கேன். இன்னொரு வாட்டி தரமாட்டாங்க."

"நடக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

முந்தின நாள்தான் சிபியூக்களை மாற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். மானிட்டர்கள் பழையவை. புது சிபியூவில் ஹெச்டிஎம்ஐ இணைப்பு மட்டும். மானிட்டரில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும். நடுவில் ஒரு மலிவான கன்வெர்ட்டர். மானிட்டர் தன் அளவைச் சொன்னாலும் அது சிபியூவுக்குப் போய்ச் சேரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று லினக்ஸ் 800x600 என்ற சின்ன அளவில் நின்றுவிட்டது. காரணம் பிடிபட்டதும் எனக்குக் கை பரபரத்தது.

கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, திரைக் கணக்குப் போடும் cvt-யிடம் மானிட்டரின் சரியான அளவான 1366x768-க்குக் கணக்குக் கேட்டேன். எட்டால் வகுபடும் அகலம்தான் அது தரும், 1368 தந்தது. அது தந்த வரியை, திரை அளவை மாற்றும் xrandr-இல் புது மோடாக ஏற்றினேன். அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். திரை கறுத்துப் போனது.

"போச்சா மேடம்?"

"இருங்க சார்."

பழைய மோடுக்குத் திருப்பி, எண்களை வாய்விட்டுப் படித்தபடியே மறுபடி அடித்தேன். திரை ஒருமுறை இமைத்தது. படம் சுருங்கி உட்கார்ந்தது. கீழே பச்சை நிறத்தில் சப்மிட் பட்டன். சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டேன்.

குமரேசன் குனிந்து ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். மறுபடியும் 800x600.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் சார் ஆஃப் பண்றீங்க?"

"நடுவுல கரண்டு போனா என்ன பண்றதுங்க?"

அவர் கேட்டது நியாயம். xrandr-இல் செய்தது அந்த நேரத்துக்கு மட்டும்தான் நிற்கும். இருபது வருட சர்வீஸில் எனக்குத் தெரியாததல்ல, சந்தோஷத்தில் மறந்திருந்தேன். லாகின் ஆனதும் தானாக ஓடும்படி அதே வரிகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தேன். பட்டன் நின்றது. பிறகு நெட்வொர்க் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பி, வரிசை வரிசையாக ரீஸ்டார்ட் செய்தோம். ஒன்றே முக்காலுக்கு முப்பத்திரண்டிலும் பட்டன் தெரிந்தது.

இரண்டே முக்காலுக்குக் கரண்டு போனது. கடைசி வரிசையின் யுபிஎஸ் கைவிட, ஆறு சிஸ்டம் அணைந்தன. அதில் ஒன்று கலாவுடையது. கரண்டு வந்ததும் அவை மறுபடி எழுந்தன. எழுதிய பதில்கள் சர்வரில் பத்திரமாக இருந்தன. ஆறு திரையும் சரியான அளவில் வந்து நின்றன. கலா பட்டனைத் தேடக்கூட இல்லை. விட்ட கேள்வியிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திரை சரியானதும் கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் "முடிந்தது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.