குத்தகை முடிந்த இடம்

அம்மா இறந்த அன்று கோவையின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கப் போனேன். காவலர் ஒல்லியானவர். நிற்கும் இடத்தையெல்லாம் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். வேப்பமரத்தடியில் தட்டிக்கொண்டே, "இங்க வெச்சுக்கலாமுங்க. இந்தக் குழிக்குப் பழைய குத்தகை வருசம் முடிஞ்சுபோச்சு, இனி வேற ஆளுக்குக் குடுக்கலாம்" என்றார்.

"முன்னாடி யாருங்க இருந்தாங்க?"

"என்ற சம்சாரமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூணு பேரு கேட்டாங்க. எல்லாம் ஆம்பளைக்குங்க. அவ கூடப் படுக்க வெக்க மனசு வரலைங்க. உங்களுக்கு அம்மாதானுங்களே, அதான் காட்டினேன்."

குழியையும் அவரே வெட்டினார்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் போவதற்கு முன்பே அம்மாவின் தலைமாட்டில் ஒரு முழம் மல்லிகை இருக்கிறது. யாருக்கென்று நான் கேட்டதில்லை.