ஒடுக்கு எடுத்த ப்ரொப்பெல்லர்

என் ரிமோட் படகின் பித்தளை ப்ரொப்பெல்லரோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். இறக்கைகளை அரத்தால் ராவி மெலிதாக்கி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் குறடால் துளி வளைத்தேன். அப்படி வளைத்தால் தண்ணீரை நன்றாகப் பிடித்து வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

பாலிஷ் மட்டும்தான் பாக்கி. செஞ்சி கடைத்தெருவில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் அக்காவிடம் நேற்று கொடுத்தேன்.

இன்று காலை வாங்கப் போனேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. வளைவைத்தான் காணோம்.

"ஓரமெல்லாம் ஒடுக்கு விழுந்துருந்துது தம்பி. பாலிஷோட அதையும் தட்டி எடுத்துட்டேன்" என்றார்.

"அய்யோ அக்கா, அது நானே வளைச்சது!"

"நல்லா இருக்கறத இன்னாத்துக்கு வளைச்ச?"

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம் பனமலை ஏரியில் நண்பன் ஆரோக்கியத்தோடு பந்தயம். வேறு ப்ரொப்பெல்லர் இல்லாததால் அதையே மாட்டினேன். இதுவரை ஒருமுறைகூட அவனை ஜெயித்ததில்லை. இன்று மூன்று சுற்றிலும் என் படகுதான் முன்னால்.

"டேய், இன்னாடா பண்ண அதுல?" என்றான்.

"ஓரத்த இன்னும் கொஞ்சம் வளைச்சேன்" என்றேன்.

இப்போது அவன் வீட்டில் குறடும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அவன் ஃபேஸ்புக்கில் இல்லை. இருப்பவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

என் கவலை வேறு. அடுத்த ப்ரொப்பெல்லரையும் பாலிஷுக்குக் கொடுக்க வேண்டும். எந்த மூஞ்சியோடு அந்த அக்கா கடைக்குப் போவது, சொல்லுங்கள்.