ஓரின் ட்வெட்டும் அடி சீவிய குண்டும்

ஓரின் ட்வெட்டுக்கு நீங்கள் வணக்கம் சொன்னால், இரண்டாவது வாக்கியத்தில் அவர் குண்டின் அடிப்பாகத்துக்கு வந்துவிடுவார். மொன்டானாவில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கிற கூட்டம் நாங்கள். குண்டின் அடி தட்டையாக இருக்க வேண்டும், விளிம்பைச் சாய்வாகச் சீவிய அச்சில் வார்த்தால் குறி நிற்காது என்பது அவருடைய வேதம். அவருக்குப் பயந்து என் சீவிய அச்சைப் பழைய காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஐம்பது வயது ஆள் நான், வெட்கக்கேடு.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வார்ப்பதையும் தோட்டாவில் அடைப்பதையும் மனைவி வெர்னா ஏற்றுக்கொண்டார். கண் சரியான பிறகும் அந்த வேலை வெர்னாவிடமே தங்கிவிட்டது. தோட்டாவில் அடைத்துவிட்டால் குண்டின் அடி வெளியே தெரியாது. அதற்குப் பிறகுதான் ஓரின் வருடாந்தரப் போட்டியில் தொடர்ந்து ஜெயித்தார். பரிசுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு, "எல்லாம் தட்டை அடி செய்யற வேலை" என்பார்.

இந்த மே மாதக் கூட்டத்தில் போட்டிக்குச் சீவிய குண்டு கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். புதிதாகச் சேர்ந்த ராய்ஸிடம் இருந்ததே ஒரு சீவிய அச்சுதான். தீர்மானம் நிறைவேறினால் அவனுக்குப் போட்டி இல்லை.

"ஏன்யா, அடியில அப்படி என்ன வித்தியாசம்?" என்றான் ராய்ஸ்.

"வா, கண்ணால பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு."

ஓரின் தன் தோட்டா ஒன்றை எடுத்து, குண்டை உதறி எடுக்கும் பிளாஸ்டிக் சுத்தியில் மாட்டி, மேஜையில் ஓங்கி இரண்டு போடு போட்டார். குண்டு உருண்டு வந்தது. அதன் அடி வழவழவென்று சீவியிருந்தது.

உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்த வெர்னா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"எங்கப்பாவோட அச்சு, ஓரின். தோட்டா வாயில சுளுவா இறங்குது. உன்னோட அச்சுல வார்த்தா விளிம்பு சிராயுது."

"மூணு வருஷமாவா?"

"மூணு தொடையும் சாப்பிட்டியே, கசந்துச்சா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ குறி தவறியிருப்பே."

மனிதர் முகம் ஈயம் போலாகிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அவர் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டார்.

ஜூன் போட்டியில் அதே துப்பாக்கி, வெர்னா வார்த்த அதே சீவிய குண்டு, அதே இருபத்தைந்து கஜம். போன வருடம் குறித்தாளில் அவருடைய ஐந்து ஓட்டைகளையும் ஒரு கால் டாலர் காசு மூடியது. இந்த முறை தாளில் மூன்றுதான் இருந்தன, மூன்றும் மூன்று மூலையில். பன்றித்தொடை ராய்ஸுக்குப் போனது, அதுவும் அவனுடைய சீவிய குண்டால்.

ஓரின் தன் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். மூன்று வருடப் பரிசிலும் காணாத பூரிப்பு அந்த முகத்தில்.

"பாத்தீங்களாடா? நான் அப்பவே சொல்லல?"