மயக்கத்தில் கேட்ட காபி

அடையாறு மருத்துவமனை ஒன்றில் என் கணவருக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். அவர் வெறும் வயிற்றோடு இருக்க, எனக்கு மட்டும் சாப்பாடு இறங்குமா? நானும் பட்டினி.

முடிந்ததும் வெளியே வந்த நர்ஸ், "உள்ள பேசிக்கினே இருந்தாரும்மா" என்று சிரித்தார். பில்லிலோ மயக்க மருந்துக்குத் தனிக் கட்டணம்!

"பேசிண்டிருந்தவருக்கு ஏது மயக்கம்?" என்று கவுண்டரில் கத்திவிட்டேன்.

அதே நர்ஸ் ஓடிவந்தார். "இது லேசான மயக்கம்மா. பேசுவாங்க, அப்பால எதுவும் ஞாபகம் இருக்காது. 'என் வீட்டுக்காரி காலைலேருந்து பட்டினி, அவளுக்கு ஒரு காபி குடுங்க'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு."

"நானா கேட்டேன்?" என்று விழித்தார், அதற்குள் எழுந்து வந்துவிட்ட என் கணவர்.

உடனே பணத்தைக் கட்டினேன். இப்போதெல்லாம் இவருக்கு வெறும் வயிற்றில் பரிசோதனை என்றால், இவர் கண்ணெதிரே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.