சுருவில் கிணற்றுத் தண்ணீரும் எங்கள் லண்டன் வாஷிங் மெஷினும்

"வாஷிங் மெஷின் ஓடாத வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்று என் மனைவி சாந்தி முடிவாகச் சொல்லிவிட்டாள். முப்பத்தொரு வருட லண்டன் வாழ்க்கையை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் சுருவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கு வலது மணிக்கட்டில் வாதம், ஈரத்துணி பிழிய முடியாது. ஆக, மெஷின் அங்கே ஓடினால்தான் நாங்கள் போவோம், இல்லையென்றால் இல்லை. அதைப் பார்த்து முடிவெடுக்கத்தான் கடந்த ஓகஸ்டில் ஒன்பது நாள் தனியாகப் போய் வந்தேன்.

உண்மையைச் சொன்னால், முடிவை நான் முன்னமே எடுத்துவிட்டேன். கப்பலில் அனுப்ப 165 பவுண் கேட்டார்கள். மின்சாரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், பிளக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். (கனடாக்காரர் அவசரப்படவேண்டாம், உங்கள் மின்சாரம் வேறு.) கிணற்றுத் தண்ணீரையும் முந்திய ஜனவரியில் வந்தபோது குடித்துப் பார்த்தேன், இளநீர்போல இருந்தது. மிச்சம், மெஷினை வைக்கப்போகும் குசினியின் வாசல் அகலம் மட்டும்தான் என்று நினைத்து, அளவு நாடா ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் காலை 8.20க்கு ஆட்டோ பிடித்தேன். சுருவிலுக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர், காத்திருந்து திரும்பக் கூட்டிவர 5,000 ரூபா. பஸ்ஸில் நூறு ரூபாவுக்குக் கிட்டத்தான் வரும், ஆனால் இறங்கி வெயிலில் நடக்கவேண்டும். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், வலைத் தடிகள், நல்ல காற்று. ஓட்டுநர் ரூபன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, நாடாவும் கையுமா வாறியள்? காணி அளக்கவோ?"

"இல்லை ஐசே, வாஷிங் மெஷினுக்கு வாசல் அளக்க."

"எங்கட பக்கம் கன வீட்டில அது கிடக்கு அண்ணை. ஓடுறதைத்தான் நான் காணேல்லை."

பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு எண்ணம் எனக்கு.

9.05க்கு வீட்டடிக்கு வந்துவிட்டோம். வீட்டுத் திறப்பு (சாவி) பக்கத்து வீட்டு றீற்றா அக்காவிடம். கடற்றொழில் செய்யும் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் வீட்டு விறாந்தையில் வெள்ளை வெளேரென்று ஒரு மெஷின் நின்றது. பாரிஸிலிருந்து தம்பி அனுப்பியதாம். ஆசையாகக் கதவைத் திறந்தேன். உள்ளே இரண்டு அரிசிப் பை.

"எலி தொடாது, பாரும்" என்றார் அக்கா.

"ஏன் அக்கா, ஓடாதோ?"

"ரெண்டு வருசம்கூட ஓடேல்லை. எல்லாம் சவர்த் தண்ணியால வந்த வேலை. உம்மட கிணத்துத் தண்ணியை இப்ப வாயில வைச்சுப் பாரும்."

போய் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்தேன். ஐயோ, கடல் தண்ணீரேதான்! ஜனவரியில் நான் குடித்தது மழைத் தண்ணீர். இந்த ஊரில் பிறந்தவன், கோடையில் கிணறு சவர்க்கும் என்று தெரியாதவனா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இங்கே உடுப்புத் தோய்க்க இரண்டு தண்ணீர் வேண்டும். ஊறவைக்க, தோய்க்க, முதல் அலசலுக்குச் சவர். கடைசி அலசலுக்குச் சந்தியில் பவுசர் லொறி வந்து நிரப்பும் தாங்கியின் நல்ல தண்ணீர். இல்லாவிட்டால் உடுப்பு காய்ந்து அப்பளமாகிவிடும்.

"அந்த மிஷினுக்கு ஒரு குழாய். எது சவர், எது நல்ல தண்ணியெண்டு அதுக்குச் சொல்ல ஏலுமோ?" என்று சிரித்தார் அக்கா. கையால் தண்ணீர் ஊற்றும் இரட்டைத் தொட்டி மெஷின்தான் இங்கே சரிவருமாம். அது பிழிந்தும் தரும். யாழ்ப்பாணத்தில் 65,000 ரூபா.

11.30க்குச் சாந்திக்கு அழைத்தேன், அங்கே காலை ஏழு மணி.

"இஞ்சருங்கோ, வாசல் அளந்தாச்சோ?"

"வாசல் அகலம் காணும். தண்ணி சரியில்லை, சாந்தி. எங்கட மெஷின் ஓடாது." இரட்டைத் தொட்டிக் கதையைச் சொன்னேன்.

"அதுக்கு ஆர் தண்ணி காவிறது?"

"ஆரையும் பிடிக்கலாம்."

அப்போதுதான் அவள் சொன்னாள்: "நான் மெஷினுக்கோ அழுதனான்? முப்பத்தொரு வருசத்தில நீங்கள் ஒரு சட்டை தோய்ச்சிருப்பியளோ? மெஷின் நிண்டால் அந்த வேலை ஆற்றை தலையில விழும் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் பயம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரூபனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அக்காவிடம் இரண்டு வாளி கேட்டேன். தாங்கிக்கு 180 மீற்றர், நாடாவால் அளந்தேன், அதற்காவது உதவியது. முதல் நாள் தோய்த்த சட்டையில் சவர்க்கார நுரை போகவேயில்லை. கயிற்றில் போட்டதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அதையும் படம் பிடித்துச் சாந்திக்கு அனுப்பினேன். மற்ற நாட்களும் நானே தோய்த்துப் படம் அனுப்பினேன், படுக்கை விரிப்பு உட்பட.

தீவுப்பக்கம் குடிவர யோசிப்பவர்களுக்கு: வீட்டை ஓகஸ்டில் வந்து பாருங்கள், ஜனவரியில் பார்த்து ஏமாறாதீர்கள். கிணற்றை வாயில் வைத்துப் பார்க்காமல் குழாயில் பூட்டும் எந்தச் சாமானையும் கப்பலில் ஏற்றாதீர்கள். கேக் அடிக்கும் மெஷின், தையல் மெஷின் போன்றவை தாராளமாக வரட்டும்.

ஒன்பதாம் நாள், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சாந்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் லண்டன் மெஷின். அதன் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள்: "விற்பனைக்கு."